முப்பத்து மூன்று மில்லிமீட்டர் இடுப்பு

அந்த இடுப்பு மாற்று மையத்தில் பதினொரு வருஷமாக ஒரு ஆபரேஷன்கூடத் தோற்றதில்லை. நோயாளிகளில் சிலர் தோற்றிருக்கலாம், அது மையத்தின் பொறுப்பில் வராது. நுழைவாயிலில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கண்ணாடிப் பலகை ஒன்றை நிறுத்தி, "தோல்விகள்" என்று எழுதி, அதன் கீழே பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டிருந்தார்கள். தினமும் காலையில் ஒருவர் ஏணி வைத்து ஏறி, அந்தப் பூஜ்யத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு இறங்குவார்.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கதவுக்காரருக்கு நம்பிக்கை வந்தது. அவர் ஒரு கட்டடக் கம்பெனியில் கதவு மாட்டுகிற தச்சர். வயது ஐம்பத்தாறு. லிஃப்ட் வருவதற்கு முன்னால் கதவு வந்துவிட வேண்டும் என்பது கம்பெனியின் முறை. அதனால் முப்பது வருஷமாக ஒவ்வொரு கதவையும் வலது தோளில் சுமந்து படியேறித்தான் கொண்டுபோனார். வலது இடுப்பு மூட்டு தேய்ந்து போனதை முதலில் கண்டுபிடித்தது அவர் மனைவி. "என்னங்க, நீங்க புரண்டு படுத்தா கட்டில்தான் கிறீச்சிடுதுன்னு இத்தனை நாள் நெனச்சுட்டிருந்தேன். கட்டில் இல்ல, நீங்கதான்" என்றாள். கம்பெனியின் காப்பீட்டில் ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்தது. மூன்று மாதத்தில் மறுபடி கதவு தூக்கலாம் என்றார்கள். அவருக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

முதலில் எக்ஸ்ரே. படம் எடுக்கிறவர் அனுபவசாலி, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. கதவுக்காரர் மேசையில் படுத்ததும் வலது பாதம் தானாகவே வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்தது. தேய்ந்த மூட்டு அப்படித்தான் செய்யும்.

"பாதத்தை நேரா வைக்கட்டுமாங்க?"

"வேண்டாம்யா. உங்களுக்கு எப்படி சௌகரியமோ அப்படியே விடுங்க."

"படம் கோணலா விழாதா?"

எக்ஸ்ரேக்காரர் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "விழும். பாதத்தை உள்பக்கம் திருப்பி எடுத்தாத்தான் எலும்பு முழுசா தெரியும். இப்படி சாஞ்சு கெடந்தா, கம்பை முனைப்பக்கமா பாத்த மாதிரி குட்டையா தெரியும். ஆனா திருப்பினா உங்களுக்கு வலிக்கும். போன வருஷம் ஒருத்தர் 'ஆ'ன்னுட்டார். நோயாளி சௌகரியத்துக்கு எங்களுக்கு அஞ்சு நட்சத்திரம் இருந்துச்சு, அந்த 'ஆ'வுல ஒண்ணு போயிடுச்சு. குழு மூணு தடவை கூடி, யார் பாதத்தையும் திருப்பக் கூடாதுன்னு உத்தரவு போட்டுட்டாங்க."

"எனக்கு வலிச்சாப் பரவால்லீங்க."

"உங்களுக்கு வலிச்சா எனக்கு மெமோ. அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க."

படம் சௌகரியமாக எடுக்கப்பட்டது.

மறுநாள் திட்டக் கூட்டம். நோயாளியும் முடிவெடுப்பதில் பங்குபெற வேண்டும் என்று மையத்தில் ஒரு கொள்கை உண்டு. அதற்காகவே மூலையில் ஒரு நாற்காலி போட்டு, "பங்கேற்பாளர்" என்று அட்டை ஒட்டியிருந்தார்கள். கதவுக்காரரை அதில் உட்கார வைத்தார்கள். மையத்தின் தலைவரான பெரிய டாக்டர் திரையில் படத்தைப் போட்டுக் கோடு இழுத்தார். பக்கத்தில் சின்ன டாக்டர், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், குறிப்பேட்டோடு நின்றாள்.

"பெரியவரே, தொடை எலும்போட உச்சியில ஒரு குண்டு இருக்கு. அந்தக் குண்டோட நடுப்புள்ளியிலேர்ந்து எலும்புத் தண்டு எவ்வளவு வெளிய தள்ளி நிக்குதோ, அதுக்குப் பேரு ஆஃப்செட். உங்களுக்கு முப்பத்து மூணு மில்லிமீட்டர்."

"கீல் எவ்வளவு தள்ளி உக்காந்திருக்குன்னு பாக்குற மாதிரிங்களா? அது உள்ள போயிட்டா கதவு தொங்கிடுமே."

"நீங்க பேச வேண்டியதில்ல. பங்கேத்தாப் போதும்."

சின்ன டாக்டர் தொண்டையைச் செருமினாள். "சார், இடது பக்கம் நாப்பத்து நாலு காட்டுது. ஒரே ஆளுக்குப் பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம் வராது. வலது பாதம் சாஞ்சு..."

"இடது பக்கத்துக்கு ஆபரேஷனா?"

"இல்ல சார்."

"அப்போ அதை ஏன் அளந்தீங்க?"

அவள் குறிப்பேட்டை மூடினாள். கதவுக்காரருக்குப் பங்கேற்புச் சான்றிதழ் ஒன்று கொடுத்து வெளியே அனுப்பினார்கள்.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். கண் விழித்திருந்தது, காதும் நன்றாகக் கேட்டது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணித் திரை. அதற்கு அந்தப்பக்கம் முதலில் அறுக்கிற சத்தம், பிறகு சுத்தியல் சத்தம். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் குலை நடுங்கும். கதவுக்காரருக்கோ, சத்தியமாகச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது. தெரிந்த தொழில். முதல் பத்து அடி வெற்று அடி. பிறகு சத்தம் இறுகி, ஆப்பு குழிக்குள் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. பரவாயில்லை, கை சுத்தமான கை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

அப்புறம்தான் சின்ன டாக்டரின் குரல் வந்தது. "சார், பூட்டிப் பாத்தேன். நீளம் சரியா இருக்கு. ஆனா வெளிப்பக்கம் இழுத்தா வருது. தசை தொய்வா கெடக்கு, லொடலொடங்குது. உள்ள வைக்கிற உலோகத் தண்டு நாப்பத்து நாலு அளவுல அலமாரியிலேயே இருக்கு. மாத்த அஞ்சு நிமிஷம் போதும்."

"படத்துல என்ன இருக்கு?"

"முப்பத்து மூணு. ஆனா சார், கையில..."

"கையை யார் கோப்புல வைப்பாங்க? படத்தைத்தான் வைப்போம். தைங்க."

கதவுக்காரருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷத்தில் லொடலொடங்கிய கதவு ஒன்றைக்கூட அவர் அப்படியே மாட்டிவிட்டு வந்ததில்லை. திரைக்கு இந்தப்பக்கமிருந்து குரல் கொடுத்தார். "டாக்டரய்யா, ஆட்டம் இருந்தாப் பூட்டாதீங்க. கழட்டி மாட்டிருங்க. நான் இங்கதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பெரிய டாக்டர் மயக்க மருந்துக்காரரிடம், "பங்கேற்பு முடிஞ்சது. தூங்க வைங்க" என்றார்.

நியாயம் பேச வேண்டுமென்றால், வலி போய்விட்டது. கால் நீளமும் சரியாக இருந்தது. ஆனால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக, நடைதான் போய்விட்டது. வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கினால் இடுப்பு இடப்பக்கம் சரியும். விழாமல் இருக்க உடம்பை வலப்பக்கம் வீச வேண்டும். அடிக்கு அடி இதே கூத்து. ஒரு நாள் வீட்டிலிருந்த பழைய கதவுப் பலகையைத் தோளில் வைத்து முற்றத்தில் நடந்து பார்த்தார். பலகை வீசிச் சுவரில் மோதி, தண்ணீர்க் குழாயை உடைத்தது. அன்று மாலை சுவரோடு சாய்ந்து நின்று மூலைமட்டத்தை வைத்துத் தன் இடுப்பைத் தானே அளந்தார். இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் அரை விரல் அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அன்னிக்கே சொன்னாங்க, லொடலொடங்குதுன்னு. என் காதால கேட்டேன்."

"அப்போ போய்ச் சொல்லுங்க. அவங்க வச்சதை அவங்கதான சரிபண்ணணும்?" என்றாள். அவள் இன்னும் மையத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவள்.

புகார்களைப் பார்ப்பவர் தர அதிகாரி அம்மாள். மேசைமேல் ஒரு துளித் தூசி கிடையாது. கனிவான குரலில் படிவத்தை நிரப்பினாள்.

"வலி இருக்கா?"

"இல்லம்மா."

"கால் நீளம்?"

"சமம்தான்."

"தையல் பிரிஞ்சுதா? சீழ்?"

"அதெல்லாம் இல்லம்மா. நடக்க முடியல."

அவள் பேனாவை நிறுத்திப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "நடைக்குக் கட்டம் இல்லையே. இது இடுப்பு மாற்று மையம் ஐயா. நாங்க இடுப்பை மாத்திட்டோம். நடை உங்க சொந்த விஷயம். எதுக்கும் உடற்பயிற்சிப் பிரிவுக்கு எழுதித் தரேன்."

உடற்பயிற்சிப் பிரிவில் மூன்று மாதம் காலைத் தூக்கு, இறக்கு என்றார்கள். மூன்று மாதம் முடிந்ததும், "தசை மேல தப்பில்ல. தொய்ஞ்ச கயித்தை எவ்வளவு இழுத்தாலும் கம்பத்தை உள்ள தள்ளி நட்டிருந்தா என்ன பண்றது?" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அப்படி எழுதியவரை அடுத்த வாரமே சமையல்கூட மேற்பார்வைக்கு மாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். எழுத்து எழுத்துதான். அதனால் மறுஆய்வுக் குழு கூட வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து கடிதம். மாதக் கடைசிக்குள் "இரு பக்கமும் சமம், வேலைக்குத் தகுதி" என்று மையத்திடமிருந்து சான்றிதழ் வாங்கி வராவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் போடுவார்களாம். கதவுக்காரர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குழுவின் முன் போய் நின்றார். ஏழு பேர். எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில். தேய்ந்த மூட்டு போய்விட்டதால் இந்த முறை எக்ஸ்ரேயில் பாதம் தானாகவே நேராக விழுந்து, உண்மை திரையில் பளிச்சென்று தெரிந்தது. வலது முப்பத்து மூன்று, இடது நாற்பத்து நான்கு.

சின்ன டாக்டர் எழுந்தாள். "வலது தண்டை எடுத்துட்டு நாப்பத்து நாலு வச்சாச் சரியாயிடும். அவர் பழையபடி நடப்பார்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

"நடப்பார். நான் மறுக்கல. ஆனா ஒருதரம் வச்ச மூட்டை மறுபடி திறந்தா அதுக்குப் பேரு மறு ஆபரேஷன். மறு ஆபரேஷன் பதிவேட்டுல 'தோல்வி'ன்னு ஏறும். வாசல்ல இருக்கிற அந்தப் பூஜ்யம் ஒண்ணாயிடும். அந்தப் பூஜ்யத்தைப் பாத்துத்தான் வருஷத்துக்கு ரெண்டாயிரம் பேர் நம்பி வர்றாங்க. ஒரு மனுஷன் நடக்கிறதுக்காக ரெண்டாயிரம் பேரோட நம்பிக்கையை நொண்டியாக்கணுமா? மனசாட்சியோட யோசிங்க."

ஏழு பேரும் மனசாட்சியோடு தண்ணீர் குடித்தார்கள்.

"சரி, இவரோட குறை என்ன? ஒரு பக்கம் குறைவு, ஒரு பக்கம் அதிகம். வித்தியாசம்தான் குறை. வித்தியாசத்தை ரெண்டு வழியில போக்கலாம். இடது இடுப்பை இதுவரைக்கும் நாம தொட்டதே இல்ல. அதை மாத்தினா அது மறு ஆபரேஷன் இல்ல, முதல் ஆபரேஷன். அதுலயும் முப்பத்து மூணு வச்சுட்டா ரெண்டும் சமம். தோல்வி பூஜ்யம், வெற்றி ரெண்டு."

தர அதிகாரி அம்மாள் கைதட்டினாள். அவள் தட்டியதும் மற்றவர்களும் தட்டினார்கள். கதவுக்காரருக்குத் தான் கேட்டது சரிதானா என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"ஐயா, இடது கால் நல்லாத்தானே இருக்கு. அதுக்கு ஒரு நோயும் இல்லீங்களே."

"அதனாலதான் இந்த வித்தியாசமே."

"ரெட்டைக் கதவுல ஒரு பலகை தொங்கினா, தொங்குறதை நிமித்துவோம். நல்லா நிக்கிறதையும் தொங்கவிட்டு ரெண்டும் ஒண்ணாயிடுச்சுன்னு சொன்னா வீட்டுக்காரர் செருப்பால அடிப்பார் ஐயா."

பெரிய டாக்டர் கோபப்படவில்லை. அவருக்கு நோயாளிகள்மேல் பாசம் அதிகம். "பெரியவரே, நீங்க மனுஷ உடம்பை மரமா பாக்குறீங்க. நாங்க அப்படிப் பாக்க முடியாது" என்றார்.

சின்ன டாக்டர் கையைத் தூக்கி, "நான் இதை எதிர்க்கிறேன்னு எழுதிக்கணும்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். அவளுடைய எதிர்ப்பு, "இளம் மருத்துவர்கள் உற்சாகமாகக் கலந்துகொண்டனர்" என்று குறிப்பில் ஏறியது.

வீட்டில் மனைவி ஒரே பிடியாக நின்றாள். "நல்ல காலைத் தொட விடாதீங்க. வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்குறதுக்கு நம்மளா ஆளு? வேலை போனாப் போகட்டும், நான் நாலு வீட்டுல துணி தேச்சுச் சாப்பாடு போடறேன்." கதவு மாட்டாமல் உட்கார்ந்த இந்த ஏழு மாதத்தில் அவர் யாருக்கும் வேண்டாத ஆளாகிவிட்டதாக உணர்ந்தார். அந்த உணர்வு மூட்டுவலியைவிட மோசம். கம்பெனிக்குப் போய்ச் சான்றிதழ் இல்லாமல் சும்மா ரம்பம் தீட்டுகிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். மேற்பார்வையாளர், "சமம்னு எழுதி வாங்கிட்டு வா. எழுத்து இருந்தா நீ ராஜா" என்றார். மையத்தில் கேட்டால், சமமாக்க இடம் கொடுக்காதவருக்குச் சமம் என்று எப்படி எழுதுவது என்றார்கள். மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது இடது ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். அதன் நகலைக் காட்டியதும், சான்றிதழ் வரும்வரை கம்பெனி தவணை கொடுத்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் குளிக்கும்போது இடது தொடையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினார். முப்பது வருஷம் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் தாங்கிய காலைத் தானே காட்டிக்கொடுக்கிறோமே என்று குளியலறையில் அழுதார்.

எக்ஸ்ரே மேசையில் இந்த முறை ஒரு புதுத் தலையணை இருந்தது. இடது பாதம் நல்ல பாதமாகையால் தானாகச் சாயவில்லை. அதைச் சாய்ப்பதற்கென்றே குழு வாங்கியது அது.

"ஐயா, யாரும் பாக்கல. உள்பக்கம் திருப்பி எடுக்கட்டுமா?" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

"எதுக்குங்க? நாப்பத்து நாலு வரும். அப்புறம் அதுக்கு ஒரு குழு கூடுவாங்க. சாச்சே எடுங்க."

இந்தத் தடவை தொடக்கத்திலேயே தூங்க வைத்துவிட்டார்கள். சின்ன டாக்டர் அங்கே இல்லை. அவளை உற்சாகம் காரணமாக வேறு கிளைக்கு அனுப்பியிருந்தார்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்துக் குழு முன் அவரை நடக்கச் சொன்னார்கள். வலது காலை வைத்தால் வலப்பக்கம் ஒரு வீச்சு, இடது காலை வைத்தால் இடப்பக்கம் ஒரு வீச்சு. அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்ச் சேர்வதற்குள் வியர்த்துவிட்டது. பெரிய டாக்டரின் கண் கலங்கியது. "பாருங்க, என்ன ஒரு ஒழுங்கு! வலதுக்கு எவ்வளவோ இடதுக்கும் அவ்வளவே. ஒரு மில்லிமீட்டர் பாரபட்சம் இல்ல!" தர அதிகாரி அம்மாள் இரண்டு படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். முப்பத்து மூன்று, முப்பத்து மூன்று. சான்றிதழ் தங்க ஓரத்தோடு வந்தது: இரு பக்கமும் சமம், எல்லாப் பணிக்கும் முழுத் தகுதி.

கம்பெனியில் மேற்பார்வையாளர் சான்றிதழை இரண்டு முறை படித்து, "அடடே, முழுத் தகுதி!" என்று தோளில் தட்டி, நான்காவது மாடிக்கு ஒரு தேக்குக் கதவைக் காட்டினார். கதவுக்காரர் அதைத் தூக்கினார். ஏழு படி ஏறினார். எட்டாவது படியில் உடம்பு ஒரு பக்கம் வீச, கதவு மறுபக்கம் வீச, இரண்டும் சேர்ந்து கீழே வந்தன. கதவு இரண்டாகப் பிளந்தது. அவருடைய இடது மூட்டு குழியை விட்டு வெளியே வந்து, கால் தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு திசையில் திரும்பிக் கிடந்தது. வலியில் அவர் போட்ட சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

மையத்தில் மூட்டை மறுபடி குழிக்குள் தள்ளிக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். வெட்டித் திறக்காததால் அது ஆபரேஷன் இல்லை. ஆபரேஷன் இல்லாததால் தோல்வியும் இல்லை. "படியில் விழுதல்" என்று பதிந்தார்கள். கம்பெனிக்கோ விஷயம் இன்னும் சுலபமாக இருந்தது. தகுதியில்லாத ஆள் விழுந்திருந்தால் அது விபத்து, நஷ்டஈடு தர வேண்டும். முழுத் தகுதியுள்ள ஆள் விழுந்தால் அது கவனக்குறைவு. ஒரே தாளில் வேலை நீக்கமும் தேக்குக் கதவுக்கான விலையும் வந்தன.

மனைவி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். வாசலில் ஏணிக்காரர் பூஜ்யத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தர அதிகாரி அம்மாள் நாற்காலி கொடுத்து உட்கார வைத்தாள்.

"அவரால முடியாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா. அந்த ஒரு வரி இருந்தா கம்பெனியில நஷ்டஈடாவது கேக்கலாம். இனி அவரால வேலை செய்ய முடியாது, அது எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

"எப்படிம்மா எழுதறது? ரெண்டு ஆபரேஷனும் வெற்றி. முடியாதுன்னு எழுதினா நாங்களே எங்களைப் பொய்யர்னு சொன்ன மாதிரி ஆயிடுமே. உங்க மனசு புரியுது. உங்க கருத்தை வேணா பதிவு பண்ணிக்கறேன், அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. சொல்லுங்க."

மனைவி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எழுதிக்க. நடந்து வந்த மனுஷனை ரெண்டு பக்கமும் வெட்டி வீட்டுல படுக்கப் போட்டுட்டீங்க. ஆமா, ரெண்டும் சமம்தான். ஒரு கால் எவ்வளவு உதவாதோ இன்னொண்ணும் அவ்வளவு உதவாது. நீங்க நல்லாருப்பீங்களாடி? உங்க வீட்டு ஆம்பளைக்கு இதைப் பண்ணுவீங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியேறும்வரை அதிகாரி அம்மாள் எழுந்து நின்று மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு உட்கார்ந்து, கட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கி எழுதினாள்: "இரு கால்களும் சமமாக இருப்பதை நோயாளியின் மனைவி நேரில் வந்து உறுதி செய்தார்."